இரண்டு லட்சம் ஓடிய தார்

வாங்கப் பார்த்த பழைய தார் ஜீப்பின் மீட்டரில் இரண்டு லட்சம் கிலோமீட்டரைப் பார்த்ததும் மச்சான் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அந்த எண் பயம் தரவில்லை. நெடுஞ்சாலையில் சீராக ஓடி, நேரத்துக்கு ஆயில் மாற்றிய டீசல் என்ஜின், எஸ்டேட் மேட்டில் முதல் கியரிலேயே முக்கி முக்கி எழுபதாயிரம் ஓடியதைவிட நன்றாக இருக்கும். மீட்டரைத் திருத்துகிறவர்கள் தேய்ந்த கிளட்ச் பெடல் ரப்பரை மறந்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.

விற்பவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: "அண்ணே, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." ஆறிக் கிடக்கும் என்ஜின்தான் உண்மை பேசும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. என்ஜின் ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்ததும் குபுகுபுவென்று காற்று தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கலாம். பிறகு மண் தரையில் நான்கு சக்கர இழுவைக்கான ஃபோர்-லோ லீவரைப் போட்டுப் பார்க்க வேண்டும். நகரத்துத் தார்களில் அந்த லீவர் தொடப்படாமலே இறுகிக் கிடக்கும்.

டெல்லி வண்டி மலிவு என்றான் மச்சான். அங்கே 10 வருடம் தாண்டிய டீசலுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டதன் விளைவு அது. தடையில்லாச் சான்றுக்கான (என்.ஓ.சி.) அலைச்சல், இங்கே மறுபடி சாலை வரி எல்லாம் கூட்டினால் மலிவு காணாமல் போகும்.

அதனால் இந்த வண்டிக்கே இன்ஜெக்டர், டயர் செலவைக் கழித்து ஒரு விலை சொல்லியிருக்கிறேன். விற்கிற அண்ணன் இன்னும் இறங்கி வரவில்லை.