வட்டுக்கோட்டைக் கரையில் ஒரு குடும்பப் படகு

வட்டுக்கோட்டை என்றதும் படித்தவர் நெஞ்சில் முதலில் எழுவது கல்விக் கூடமே. 1823ஆம் ஆண்டில் அமெரிக்க மிஷனரிமார் அங்கு நிறுவிய செமினரியும், அதன் வழித்தோன்றலாகிய யாழ்ப்பாணக் கல்லூரியும் ஊரின் பெயரைக் கடல் கடந்தும் பரப்பின. அரசியல் அறிந்தோர்க்கு 1976ஆம் ஆண்டுத் தீர்மானம் நினைவுக்கு வரும். வயலும் பனங்கூடலும் கோயிற்கோபுரங்களும் வேறு சிலர்க்கு நினைவில் நிற்கும். ஆனால் வட்டுக்கோட்டையைக் கடலோடு சேர்த்து எண்ணுவோர் மிகச் சிலரே. தெற்கே அராலித் துறை; வடமேற்கே பொன்னாலை; அதற்கப்பால் நீரைக் கிழித்துச் செல்லும் தாம்போதி வழியே காரைநகர். ஊரின் நடுவிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் கசூரினாக் கடற்கரையில் நிற்கலாம். இத்துணை அருகிற் கடலை வைத்துக்கொண்டும், கடற்றொழில் செய்யும் குடும்பங்களை நீக்கிப் பார்த்தால், நம்மிற் பெரும்பாலோர் அதற்கு முதுகு காட்டியே வாழ்ந்து வருகின்றோம்.

இந்நிலையில் ஒரு புதுக் கேள்வி எழுந்திருக்கின்றது. கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழும் நம் உறவினர், விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு மோட்டார்ப் படகிற் சென்று களிப்போரை அங்கே காண்கின்றனர். படுக்கையும் சிறு சமையலறையும் கூரையும் கொண்ட அப்படகுகள் ஏரிகளிலும் கரையோரக் கடலிலும் வீடுபோல் மிதக்கின்றன. ஊருக்கு வந்து காரைநகர்க் கடலைக் கண்டதும், “இங்கும் ஒன்று வாங்கி விட்டால் என்ன?” என்று அவர்கள் கேட்கின்றனர். கேள்வி நியாயமானது. ஆயினும் விடை சொல்லுமுன் கடலையும் படகையும் பணப்பையையும் ஒருங்கே நோக்க வேண்டும்.

இங்கிருந்து சென்ற உல்லாசக் கப்பல்

உல்லாசத்துக்காகப் படகு வாங்குவது நம் கரைக்கு முற்றிலும் புதிய செய்தி அன்று. ஆனால் அன்று வாங்கியவர் வெளிநாட்டார். கட்டிக் கொடுத்தவர் நம்மவர். சிறு பாய்க்கப்பல் ஒன்றில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றிவந்த வில்லியம் அல்பேட் றொபின்சன் என்னும் அமெரிக்கர், வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட ‘அன்னபூரணி அம்மாள்’ என்னும் பாய்க்கப்பலை வாங்கினார். 89 அடி நீளமுள்ள அக்கப்பலுக்குத் தம் மனைவியின் பெயரால் ‘புளோரன்ஸ் சி. றொபின்சன்’ என்று புதுப்பெயர் சூட்டினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதனைச் செலுத்திச் சென்றனர். செங்கடல், சுயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல், அத்திலாந்திக் சமுத்திரம் ஆகியவற்றைக் கடந்து, 1938 ஆகஸ்டில் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அக்கப்பல் அடைந்தது.

இதில் வட்டுக்கோட்டையார் கவனிக்க வேண்டிய பொருத்தம் ஒன்றுண்டு. அந்தக் குளொஸ்ரருக்கு அண்மையிலுள்ள நியூபெரிபோட் என்னும் துறையிலிருந்துதான், 1815 ஒக்டோபரில், அமெரிக்க மிஷனரிமாரை ஏற்றிய ‘ட்றையட்’ என்னும் பாய்க்கப்பல் இலங்கை நோக்கிப் புறப்பட்டது. அவர்கள் கொண்டுவந்த கல்வியின் பயனை வட்டுக்கோட்டை இருநூறு ஆண்டுகளாக நுகர்கின்றது. அக்கரையிலிருந்து பள்ளிக்கூடம் இங்கு வந்தது. இக்கரையிலிருந்து கப்பல் அங்கு சென்றது. முன்னதை நாம் போற்றி வளர்த்தோம். பின்னதை வளர்த்த கைகளை மறந்து போனோம்.

எந்தப் படகு பொருந்தும்?

அராலித் துறையில் இறங்கி நின்று பார்ப்போர்க்கு ஓர் உண்மை உடனே விளங்கும். நெடுந்தூரம் நடந்தாலும் நீர் இடுப்பைத் தாண்டாது. யாழ்ப்பாணக் கடல்நீரேரி பரந்தது, ஆயினும் ஆழமற்றது. பல இடங்களில் ஆழம் இரண்டு மீற்றருக்கும் குறைவு. வற்றும் பெருக்கும் சிறியனவே என்றாலும், ஓரடி நீர் குறைந்தால் மணற்றிட்டுக்கள் தலை காட்டும். முப்பது, முப்பத்தைந்து அடி நீளமான மேனாட்டு மோட்டார்ப் படகின் அடிப்பாகம் நீருள் ஏறக்குறைய மூன்றடி அமிழும். அத்தகைய படகை இங்கே கொண்டு வந்தால், அது மிதக்கும் நாட்களினும் தரைதட்டி நிற்கும் நாட்கள் மிகுதியாகும்.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். அதனாலன்றோ களப்பில் ஓடிய வள்ளங்களைத் தட்டையான அடியோடு அமைத்து, நீண்ட கம்பை நிலத்தில் ஊன்றித் தள்ளிச் சென்றனர்! இன்று அவ்விடத்தைப் பிடித்திருப்பது இழைக்கண்ணாடிப் படகு. பதினெட்டு முதல் இருபத்துமூன்று அடி வரை நீளம். பின்புறத்தில் வெளியிணைப்பு இயந்திரம். ஆழம் குறையும் இடத்தில் இயந்திரத்தைத் தூக்கிக்கொள்ளலாம். தேவையானால் நான்கு பேர் இறங்கித் தள்ளலாம். மேலே வெயிலுக்கு ஒரு விதானமும், இருக்கப் பலகைகளும் அமைத்தால் குடும்பத்துக்கு அதுவே போதிய உல்லாசப் படகாகும்.

இவ்வகைப் படகுக்கும் அயலூராகிய காரைநகருக்கும் உறவுண்டு. 1956இல் நோர்வேக்குச் சென்ற அந்தோனி இராஜேந்திரம் என்னும் யாழ்ப்பாணத்தவரின் முயற்சியால், நோர்வே மக்களின் உதவியோடு 1967இல் சீ-நோர் நிறுவனம் தோன்றியது. குருநகரில் வலைத் தொழிற்சாலையும் காரைநகரிற் படகுத்துறையும் அதன் வழி எழுந்தன. கடற்றொழிலாளரின் வாழ்வை உயர்த்தவென எழுந்த அம்முயற்சியைப் பின்னர் வந்த போர் குலைத்தது. எனினும் இழைக்கண்ணாடிப் படகு நம் கரைகளில் நிலைத்துவிட்டது. கெட்டுப்போனாற் பழுதுபார்க்கக் கைதேர்ந்தவர் அருகிலேயே இருப்பர் என்பது, வாங்குவோர்க்கு எல்லாவற்றினும் பெரிய நன்மை. கடல் கடந்து வரவழைத்த படகுக்கு ஓர் ஆணி தேவைப்பட்டாலும் கடல் கடந்தே கேட்க வேண்டியிருக்கும்.

வாங்கும் விலையும் வைத்திருக்கும் விலையும்

படகின் விலை ஒருமுறை கொடுப்பது. அதனை வைத்திருக்கும் விலையோ ஓயாதது. உப்புநீர் இரும்பைத் தின்னும். வெயில் வண்ணத்தை உரிக்கும். நீரில் விட்ட படகின் அடியிற் பாசியும் சிப்பியும் குடியேறும். ஒவ்வொரு பயணத்தின் பின்னும் இயந்திரத்துள் நன்னீர் செலுத்திக் கழுவ வேண்டும். எரிபொருளோ தனிக் கதை. இருபத்தைந்து குதிரைவலு இயந்திரம் முழு வேகத்தில் மணிக்குப் பத்து லீற்றர் வரை குடித்துவிடும். 2022 ஆகஸ்டில், 87 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாக உயர்ந்தபோது, தொழிலுக்குச் செல்லும் படகுகளே கரையிற் கிடந்தன. பொழுதுபோக்குக்குப் படகு வாங்குவோர் அந்த நாளை மனத்திற்கொண்டு கணக்குப் பார்த்தல் நலம்.

மேலும், இங்கே ஆண்டு முழுவதும் கடல் திறந்திருப்பதில்லை. வைகாசியிலிருந்து புரட்டாதி வரை சோளகக் காற்று வீசும். அப்பொழுது தீவுகளுக்கிடையிலான கடல் குமுறும். ஐப்பசிக்குப் பின் மழையும் புயலும் வாடைக்காற்றும் வரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த சூறாவளி இந்தக் கடலைக் கடந்தே சென்றது. மாசி பிற்பகுதி தொடங்கிச் சித்திரை வரையுள்ள நாட்களே குடும்பத்தோடு செல்வதற்கு ஏற்றவை. ஆண்டில் ஏறக்குறைய பத்து வார இறுதிகளுக்காக ஒரு குடும்பம் தனியாகப் படகு வைத்திருப்பது வீண் செலவு. நான்கு குடும்பங்கள் கூடி ஒரு படகை வாங்கி, முறை வைத்து அனுபவித்து, செலவைப் பகிர்ந்து கொள்வதே அறிவுடைமை. கிணற்றையும் துலாவையும் பங்குகொண்டு வாழ்ந்த யாழ்ப்பாணத்தார்க்கு இது கற்பிக்க வேண்டிய பாடமன்று.

எங்கே செல்லலாம்?

அராலியிலிருந்து மேற்கே சென்றால், காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நீர்வழியில் ‘கடற்கோட்டை’ தோன்றும். போர்த்துக்கேயர் கட்டி, 1658இல் ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை அது. இலங்கைத் தீவு பன்றித் தொடையின் வடிவினது எனக் கண்ட ஒல்லாந்தர், அதன் குதிகால் என்னும் பொருளில் ‘ஹமன்ஹீல்’ என்று அதற்குப் பெயரிட்டனர். அதனைத் தாண்டினால் எழுவைதீவும் அனலைதீவும். தெற்கே நயினாதீவில் நாகபூஷணி அம்மன் கோயிலும் நாக விகாரையும். இன்னும் அப்பால், கட்டாக்காலிக் குதிரைகள் மேயும் நெடுந்தீவு. பள்ளிப் பிள்ளைகள் வரைபடத்திற் புள்ளிகளாகக் கண்ட தீவுகள், கோயிலும் கிணறும் மனிதரும் உள்ள ஊர்களாக அவர்கள் கண்முன் விரியும்.

ஆனால் இந்நீர்ப்பரப்பு வெறும் வெளி அன்று. கரையோரமெங்கும் சிறகுவலைக் கம்புகள் நிற்கின்றன. அட்டைப் பண்ணைகள் வேலியிட்டிருக்கின்றன. ஒரு சுழலிதழ் வலையை அறுத்தால் ஒரு வீட்டின் அடுப்பு அன்று எரியாது. கடலடியில் வளரும் சாதாழைப் படுக்கைகள் இறாலுக்கும் மீன்குஞ்சுக்கும் தொட்டில். ஆவுளியா என்னும் கடற்பசுவுக்கு மேய்ச்சற்றரை. ஆழமற்ற இடத்தில் வேகமாக ஓடும் படகு அவற்றை உழுதுவிடும். ஆதலின் முதல் ஆண்டிலாவது, வழியறிந்த கடற்றொழிலாளர் ஒருவரைக் கூலி கொடுத்து உடன் அழைத்துச் செல்வது இரட்டிப்பு நன்மை தரும். அவருக்கு வருவாயும், நமக்குக் கல்வியும் கிட்டும்.

பாதுகாப்பு விதிகளையும் பிள்ளைகள் மனனஞ் செய்ய வேண்டும். படகில் ஏறுமுன் எல்லோரும் மிதப்புச் சட்டை அணிதல். எண்ணெயில் மூன்றிலொரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கென ஒதுக்குதல். செல்லுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையிலுள்ள ஒருவரிடம் சொல்லிச் செல்லுதல். பொழுது சாயுமுன் கரை சேர்தல். 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட கடலெல்லையை நெருங்குதல் ஆகாது. காரைநகரிற் கடற்படைத் தளம் இருப்பதால், பதிவும் அனுமதியும் எவையெவை வேண்டும் என்பதைப் படகு வாங்குவதற்கு முன்பே கேட்டறிந்து கொள்ளல் வேண்டும்.

அச்சம் நீங்க வேண்டும்

இத்தனை சொல்லியபின், “இத்தொல்லை எதற்கு?” என்று வீட்டிலுள்ள பெரியோர் கேட்கலாம். அவர்கள் அச்சத்துக்குக் காரணமுண்டு. 1985 மே 15ஆம் நாள் ‘குமுதினி’ப் படகிற் சென்ற நெடுந்தீவுப் பயணிகள் முப்பதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். தொண்ணூறுகளின் முற்பகுதியில் கிளாலிக் களப்பை இருளிற் கடந்த மக்கள், கரை காண்போமா என்று அறியாமலே வள்ளமேறினர். போர் முடிந்த 2009 வரை, மீன்பிடிக்கச் செல்லும் நேரத்துக்கும் இயந்திரத்தின் வலுவுக்குங்கூடக் கட்டுப்பாடுகள் இருந்தன. அக்காலத்தில் வளர்ந்தோர்க்குப் படகு என்றால் உயிர் தப்பும் வழி, அன்றேல் உயிர் போகும் வழி. அவர்கள் தம் பிள்ளைகளைக் கடலிலிருந்து விலக்கியே வளர்த்தனர். அதன் விளைவாக, கடல் சூழ்ந்த குடாநாட்டில் நீந்தத் தெரியாத பிள்ளைகள் பலர் வளர்ந்து நிற்கின்றனர்.

ஆகவே படகு வாங்கும் எண்ணமுள்ள குடும்பம் முதலிற் செலவிட வேண்டியது இயந்திரத்துக்கன்று. பிள்ளைகளின் நீச்சற் பயிற்சிக்கே. அடுத்த செலவு, ஒரு நாள் வாடகைக்குப் படகு அமர்த்திக் குடும்பத்தோடு சென்று வருதல். பாட்டியும் துணிந்து ஏறி, பேரப்பிள்ளைகளோடு நயினாதீவில் இறங்கி, கோயிலில் வணங்கி, மாலைக்குள் வீடு திரும்பினால், அக்குடும்பத்துக்குப் படகு வேண்டுமா வேண்டாவா என்பது தானே விளங்கிவிடும். வாங்குவோர் கூடி வாங்குக, சிறிதாக வாங்குக, நம் கரையில் ஆக்கியதையே வாங்குக. வாங்க இயலாதோரும் வருந்த வேண்டுவதில்லை. தீவுகளுக்கு நாள்தோறும் ஓடும் பயணிகள் படகில் ஓர் இருக்கை எல்லோருக்கும் உண்டு. கடலும் எல்லோருக்கும் பொது.