சிகாமட்டில் ஒரு மஞ்சள் முடிச்சு

கோலாலம்பூரிலிருந்து சிகாமட்டுக்கு இப்போது ஈ.டி.எஸ். ரயிலே போகிறது. ஆனாலும் நாங்கள் காரில்தான் போனோம். பாட்டிக்குக் குனோங் லேடாங்கைப் பக்கத்தில் பார்க்க வேண்டும். தங்காக்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கியதும் 1,276 மீட்டர் உயர மலை மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றது. "அப்படியே இருக்கு" என்றார் பாட்டி. அன்று முழுவதும் அவர் அப்படிச் சொன்னது அந்த மலையைப் பார்த்து மட்டும்தான்.

அவர் பால் வெட்டிய தோட்டம் சிகாமட் பட்டணத்துக்கு வெளியே இருந்தது. இப்போது லயம் இல்லை, பால்மரமும் இல்லை, எங்கு பார்த்தாலும் செம்பனை. மாரியம்மன் கோயில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்து நிற்கிறது. கோயிலுக்கு எதிரே புல் மண்டிய சரிவைக் காட்டி, "இங்கதான் வெள்ளைத்துணி கட்டிப் படம் போடுவாங்க" என்றார். அப்பா காரை விட்டு இறங்காமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் படம் 'அன்னை வேளாங்கண்ணி'. கே.தங்கப்பன் இயக்கி 1971-இல் தமிழ்நாட்டில் வெளிவந்தது. ஜெமினி கணேசன், பத்மினி, ஜெயலலிதா என்று பெரிய கூட்டமே நடித்திருந்தது. இசை ஜி.தேவராஜன். தோட்டத்துக்கு அது வந்து சேர ஓரிரண்டு வருஷம் ஆனதாம். பாட்டிக்கு நடிகர்கள் நினைவில் இல்லை. மோர் விற்கும் கால் ஊனமான சிறுவன் எழுந்து ஓடினானே, அது மட்டும் நினைவிருக்கிறது. ஏனென்றால் அன்று அவர் இடுப்பில் இருந்த என் அப்பாவுக்கு மூன்று வயது, இன்னும் நடக்கவில்லை.

படம் முடிந்து லயத்துக்குத் திரும்பிய அன்றிரவே பாட்டி ஒரு 50 காசை மஞ்சள் துணியில் முடிந்தார். நடந்துவிட்டால் மகனை வேளாங்கண்ணிக்கே கூட்டிவந்து உண்டியலில் போடுவதாக வேண்டுதல். தினமும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர் மாதாவுக்கு எப்படி வேண்டிக்கொண்டார் என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது. அடுத்த தீபாவளிக்குள் அப்பா நடந்துவிட்டார். பிறகு தாத்தா இறந்தார், தோட்டம் விற்கப்பட்டது, பட்டணத்தில் வாடகை வீடு, பிள்ளைகள் படிப்பு. முடிச்சு அலமாரியிலேயே கிடந்தது.

அதைச் சரித்திரப் படம் என்று சொல்லலாமா? அதில் வரும் மூன்று புதுமைகளுக்கும் அந்தக் காலத்து எழுத்து ஆவணம் எதுவும் கிடையாது, வாய்வழியாக வந்தவை. முதலாவது, பால் கொண்டுபோன சிறுவன் குளக்கரையில் மாதாவைக் கண்டது. இரண்டாவது மோர்ச் சிறுவன். மூன்றாவதில், மக்காவிலிருந்து இலங்கைக்குப் போன போர்த்துகீசிய மாலுமிகள் புயலில் தப்பி, செப்டம்பர் 8-ஆம் தேதி கரை சேர்ந்து கோயில் கட்டுகிறார்கள். அவர்கள் கொண்டுவந்த சீனப் பீங்கான் தட்டுகள் இன்றும் பீடத்தில் பதிந்திருப்பதாகச் சொல்வார்கள். 1962-இல் அந்தக் கோயில் பசிலிக்காவாக உயர்ந்தது எழுதப்பட்ட வரலாறு.

அந்தக் காலத்தில் மக்காவிலிருந்து அந்த வழியாகப் போகும் கப்பல்கள் மலாக்காவைத் தொட்டுத்தான் போகும். அதாவது பாட்டியின் படத்துக் கப்பல் நம் ஊர்ப் பக்கமாகத்தான் போயிருக்க வேண்டும்! ஆனால் சிகாமட் நினைவில் போர்த்துகீசியர் வேறு மாதிரி. 1511-இல் அவர்கள் மலாக்காவைப் பிடித்தபோது தப்பி வந்த பெண்டாஹாரா, இங்குள்ள ஆற்று நீரைக் குடித்து 'செகார் அமாட்' என்றாராம். ரொம்பப் புத்துணர்ச்சி என்று பொருள். அதுவே ஊர்ப் பெயரானது என்பார்கள். படத்தில் முழந்தாளிட்டு அழுதவர்களும் இவரைத் துரத்தியவர்களும் ஒரே கொடியின் கீழ் வந்தவர்கள். பாட்டியிடம் சொன்னேன். "கடல்ல மாட்டினா எல்லாருக்கும் சாமி ஞாபகம் வரும்" என்றார்.

வேளாங்கண்ணிக்குப் போவது இன்று பெரிய காரியமில்லை. கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் நான்கு மணி நேரம். அங்கிருந்து தஞ்சாவூர், நாகப்பட்டினம் வழியாகச் சுமார் 150 கிலோமீட்டர். ஆகஸ்ட் 29-இல் கொடியேற்றம், செப்டம்பர் 8-இல் பெருவிழா. ஆனால் பாட்டிக்கு இதயம் பலவீனம். விமானம் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகனாவது போகட்டும் என்கிறார். அப்பாவோ, "என்னை நடக்க வச்சது அரசாங்க ஆஸ்பத்திரி ஊசி. வேண்டிக்கிட்டது நீங்க, எனக்கு என்ன கடன்?" என்கிறார். இது எங்கள் வீட்டில் வருஷக்கணக்கான வழக்கு.

சிகாமட் பட்டணத்துக் கத்தோலிக்க தேவாலயத்தின் முன் காரை நிறுத்தச் சொன்னது நான்தான். உள்ளே மாதா சிலையின் முன் மெழுகுவத்தி ஏற்றினோம். "பாட்டி, அதே மாதா தானே, இங்கேயே போட்டுடலாமே?" என்றேன். சேலைத் தலைப்பில் இருந்த முடிச்சை அவிழ்த்தார். நாடாளுமன்றக் கட்டடம் பொறித்த பழைய 50 காசு, கறுத்துப்போய் இருந்தது. சிறிது நேரம் பார்த்துவிட்டு மறுபடி முடிந்துகொண்டார். "வேணாம் பாப்பா. கடன் எங்க சொன்னமோ அங்கதான் கட்டணும்."

திரும்பும்போது அப்பா வாசற்படியில் நின்றிருந்தார். பாட்டி இறங்கக் கை கொடுத்தார். யாரும் எதுவும் பேசவில்லை.

சாகில் அருகே டுரியான் கடையில் நிறுத்தினோம். இரண்டு பழம் பிளந்து தின்று, கையைக் கழுவிக்கொண்டே அப்பா என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"செப்டம்பர்ல அங்க ரொம்பக் கூட்டமா இருக்குமோ? பிப்ரவரியில டிக்கெட் என்ன விலைன்னு பாரு."

காரின் பின்னிருக்கையில் பாட்டி கண்ணை மூடியிருந்தார். முடிச்சுப் போட்ட தலைப்பு அவர் கைக்குள் இருந்தது.