தலை மாறிற்று, குதிரை மாறவில்லை

அரசனின் பெருமை அவன் பிறப்பில் இருக்கிறதா, அவனைச் சுற்றி வரைந்த பொருள்களில் இருக்கிறதா? ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்துச் செப்புத்தகட்டு ஓவியங்கள் இதற்கு விடை கூறும்.

1596-இல் கிரிஸ்பின் டி பாஸ் என்ற நெதர்லாந்துக் கலைஞர், இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தைச் செதுக்கினார். ஒரு கையில் செங்கோல். மறு கையில் உலக உருண்டை. இருபுறமும் தூண்கள். இரட்டைத் தூண், ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லசின் சின்னம். அவர் மகன் பிலிப்பு அனுப்பிய கப்பற்படை 1588-இல் சிதறிற்று; தூண்கள் இங்கிலாந்து அரசியின் படத்தில் எழுந்தன!

ஒரு தூணின் மேல் கூழைக்கடா, மற்றதன் மேல் ஃபீனிக்ஸ். நெஞ்சைக் கிழித்துக் குருதியால் குஞ்சுகளைக் காப்பது கூழைக்கடா. அரசியும் குடிகளுக்கு அத்தகைய தாய் என்பது பொருள். வகுப்பில் இதை நாம் விளக்கியபோது, "அது மீன் தின்னும் பறவை ஆயிற்றே, ஐயா?" என்றான் ஒரு மாணவன். உண்மை! நெஞ்சைக் கிழித்தது கட்டுக்கதை. சாம்பலிலிருந்து எழும் ஃபீனிக்சோ எங்கும் இருந்ததில்லை. இல்லாத பறவையும், சொன்னதைச் செய்யாத பறவையும் ஆட்சிக்குச் சாட்சிகள்!

அரண்மனை ஓவியத்தை அங்கே நுழைவோரே காண்பர். செப்புத்தகடோ, மை தடவி அழுத்த அழுத்த நூற்றுக்கணக்கில் படி தரும், கடைவீதிக்கும் செல்லும். படத்தின் வலிமையை ஆள்வோர் அறிந்திருந்தனர். அதே 1596-இல், அரசியின் ஆலோசனை மன்றம், அவர் மனம் நோகும் வண்ணம் அமைந்த தகாத உருவப்படங்களைத் தேடி அழிக்க ஆணையிட்டது. கடவுள் தந்த ஆட்சி என்றனர், படத்துக்கு அஞ்சுவானேன்?

அடுத்த நூற்றாண்டு இன்னும் தெளிவான பாடம் தந்தது. 1649 சனவரி 30-இல் மன்னர் முதலாம் சார்லசின் தலை வெட்டப்பட்டது. அவரைக் குதிரை மீது வைத்து வான் டைக் 1633-இல் தீட்டிய ஓவியத்தைத் தழுவி, பியர் லொம்பார் என்ற பிரெஞ்சுக் கலைஞர் ஒரு தகடு செதுக்கினார். அத்தகட்டின் ஒரு படியில் குதிரை மேல் கிராம்வெல், மற்றொன்றில் சார்லஸ், இன்னொன்றில், கவசம் பூண்ட உடலுக்கு முகமே இல்லை! குதிரை அதே குதிரை. கவசம் அதே கவசம்.

முடியரசை வீழ்த்தியவருக்கும் முடியரசரின் குதிரை பொருந்திற்று. முகம் எதுவாயினும், கண்டோர் பணிந்தது குதிரைக்கும் கவசத்துக்குமே அல்லவா?

ஆதலின், தோழர்களே, எத்தலைவர் படம் கண்டாலும், அவர் நாம் போற்றுபவராகவே இருப்பினும், முகத்தைக் கையால் மறைத்துப் பாருங்கள். எஞ்சியிருக்கும் அலங்காரம் நம்மிடம் பணிவைக் கேட்குமாயின், ஏன் என்று திருப்பிக் கேளுங்கள்.