எங்கே பிரிப்பது?



மூன்று மாதமாக நெதர்லாந்தில் மகள் வீட்டில் இருக்கிறேன். "அங்கே போயும் இலக்கணம்தானா ஐயா?" என்று கேட்பீர்கள். ஆமாம், விடவில்லை!

இரண்டாம் வகுப்புப் பேத்திக்கு நீளச் சொற்கள் என்றால் பயம். உரக்க வாசிக்கச் சொன்னால் வாயே திறக்க மாட்டாள். அந்தப் பயம் நியாயமானதுதான். டச்சுக்காரர்கள் இரண்டு மூன்று சொற்களை இடைவெளியே இல்லாமல் ஒட்டி எழுதுகிறார்கள். எங்கே பிரிப்பது என்று வாசிப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

'டைக்ரம்ப்' என்றொரு எழுத்துக்கோவை. 'டைக் + ரம்ப்' என்றால் கடலைத் தடுக்கும் கரை உடைந்த பேரிடர். 'டை + க்ரம்ப்' என்றால் தொடையில் தசைப்பிடிப்பு! 1953 பிப்ரவரி 1 அன்று கரைகள் உடைந்து 1836 பேரைப் பறிகொடுத்த நாடு இது. அந்த 'க்' எந்தப் பக்கம் சேரும் என்பது இங்கே சின்ன விஷயமா?

தனிச்சொல்லில், இரண்டு உயிர்களுக்கு நடுவே நிற்கும் ஒற்றை மெய் அடுத்த அசையோடு போகும். கூட்டுச்சொல்லில் அப்படியல்ல, சொல்லும் சொல்லும் சேர்ந்த தையலில்தான் பிரிக்க வேண்டும்.

அடுத்தது அழுத்தம். பெரும்பாலும் முதல் சொல்லில்தான் அழுத்தம் விழும். நகர்மன்றத்தைக் குறிக்கும் 'ஸ்டாட்ஹவ்ஸ்' போன்ற சில விலக்குகள் உண்டு. அதில் பின்பகுதியை அழுத்துவார்கள். 'ஃபோர்கோமன்' என்ற வினையில் முன்னால் அழுத்தினால் 'நிகழ்வது', நடுவில் அழுத்தினால் 'நிகழாமல் தடுப்பது'. எழுத்து ஒன்றே, பொருளோ நேர் எதிர். தமிழில் அழுத்தம் இப்படிப் பொருளை மாற்றுவதில்லை என்பதால் எனக்கு இது புதிது.

ஆனால் பிரிப்பது நமக்குப் புதிதா? நன்னூல் பாடத்தில் பொதுமொழி படித்தோமே! 'வேங்கை' என்றால் மரம், புலி. 'வேம் + கை' என்றால் வேகின்ற கை. அதைத்தான் பேத்திக்குச் சொன்னேன். கையில் பென்சிலைக் கொடுத்து, "முதலில் உனக்குத் தெரிந்த சின்னச் சொல்லைத் தேடு, அங்கே ஒரு கோடு போடு, பிறகு வாசி" என்றேன். இப்போது கோடு போட்டுக்கொண்டு தானாகவே வாசிக்கிறாள். வேகம் இன்னும் வரவில்லை; பயம் போய்விட்டது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள், பெற்றோர்கள். எந்த மொழியானாலும் சரி, பிள்ளை ஒரு நீளச் சொல்லில் தடுமாறினால் "சீக்கிரம் படி" என்று அதட்டாதீர்கள். ஒரு பென்சிலைக் கொடுங்கள். கோடு போடும் வரை காத்திருங்கள்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்