அர்வரியின் மீன்கள்

கோடை விடுமுறை என்றதும் தில்லிவாழ் தமிழர்க்குத் தெற்கே செல்லும் இரயில்தான் நினைவுக்கு வரும். எங்களுள் சில குடும்பத்தார், ஊருக்குப் புறப்படுமுன் நான்கு நாள்களை இராஜஸ்தானத்து அல்வர் மாவட்டத்திற்கென ஒதுக்கி வருகிறோம். ஆரவல்லிக் குன்றுகளிடையே பிறக்கும் அர்வரி என்னும் சிற்றாற்றின் தலைப்பகுதியில், மழைக்கு முன் தூர் வாரும் நாள்கள் அவை.

அங்கே ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பருக்குள் பொழிந்துவிடும். ஓடும் நீரைச் சரிவிலேயே மறிக்கப் பிறைவடிவில் எழுப்பும் மண்கரைக்கு 'ஜோஹட்' என்று பெயர். தேங்கிய நீர் நிலத்துள் இறங்கிக் கிணறுகளை ஊறச் செய்து, பின்னர் ஆற்றிலும் கசிகிறது. பேணுவாரற்றுத் தூர்ந்து கிடந்த இக்கரைகளை ஊரார் 1985க்குப் பின் மீண்டும் கட்டலாயினர். தூண்டுகோலாக நின்றவர் தருண் பாரத் சங்கத்தின் இராஜேந்திர சிங். மருத்துவத் தொண்டு செய்ய வந்த அவரைக் குளம் வெட்டச் சொன்னவர் ஊர் முதியவர் ஒருவரே என்பர். மழைக்காலத்தில் மட்டுமே நீர் கண்ட அர்வரி, 1990களின் நடுவில் ஆண்டு முழுதும் ஓடியது. நீர் வந்தது, மீன் வந்தது, மீனுக்குக் குத்தகைதாரரும் வந்தார்.

அரசு வழங்கிய அம்மீன்பிடி உரிமத்தை ஹமீர்ப்பூர் மக்கள் எதிர்த்து நின்றனர், உரிமம் இரத்தாயிற்று. நீரைத் தூய்மையாக வைப்பவை மீன்களே என்பது அவர்கள் கொள்கை. கொசுப்புழுவைத் தின்ன நாமும் கிணற்றில் மீன் விட்டவர்களே. ஆயினும் முதல் ஆண்டில் எங்களுக்கு இது எளிதில் செரிக்கவில்லை. நம் ஏரிகளில் மீன்பாசி ஏலம் தொன்றுதொட்டு வருவது. சோழர் காலக் கல்வெட்டுகள் அதனைப் 'பாசிப்பாட்டம்' என்று குறிக்கின்றன. மீனை விற்ற பொருளில் குளத்தைக் காத்த மரபினராகிய நாங்கள், கரைமேட்டில் அமர்ந்து வழக்காடினோம்.

"விற்ற காசு யார் கைக்குப் போகும்?" என்றார் அங்கிருந்த பெரியவர்.

அதற்கு எங்களிடம் விடையில்லை. நம் ஏரியில் ஏலம் கூறியது கரையைக் காத்த ஊரே. இங்கோ மண் சுமந்தவர் ஒருவர், விற்க முனைந்தவர் வேறொருவர். 1999இல் ஏறத்தாழ 70 ஊரார் கூடி அர்வரிக்கென ஒரு நாடாளுமன்றமே அமைத்தனர். சட்ட வலிமை அதற்கில்லை. ஆனால் நீரை மிகுதியாக உண்ணும் கரும்பும் நெல்லும் வேண்டா என்று விலக்கி வைத்தது. நெல்லை விலக்குவதா என்று எங்களுள் தஞ்சைக்காரர் இன்றும் பெருமூச்சு விடுகிறார்!

பணி விடியலிலேயே தொடங்கிவிடும். ஒன்பது மணிக்குமேல் வெயிலில் மண்வெட்டியின் காம்பைப் பிடிக்க இயலாது. வறண்ட ஜோஹட்டின் வண்டலை வெட்டிப் பாண்டுச் சட்டியில் ஏற்றிக் கைமாற்றுகிறோம். வயலுக்கு உரமாக அதனை உழவர் வண்டியில் கொண்டு செல்வர். நகரத்தில் வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இரண்டாம் நாளே கையில் கொப்புளம் காட்டுகின்றனர். மூன்றாம் நாள் காட்டுவதில்லை. ஆற்றில் எஞ்சிய மடுக்களை மட்டும் எவரும் தொடுவதில்லை. கோடையில் மீன்கள் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கின்றன.

வருகிற மே இறுதியில் ஒரு கலங்கலைச் செப்பனிட வேண்டியுள்ளது. உடன்வர விரும்பும் அன்பர்கள் தலைப்பாகைக்கு ஒரு துண்டு கொண்டு வருக. சோளரொட்டியும் மோரும் ஊரார் தருவர். மீன்குழம்பை அங்கே எதிர்பார்க்க வேண்டா.