பயன் உண்டு, யாருக்கு?

புதிய மருந்தொன்றை மனிதரிடம் சோதிக்கும் முன், அதன் ஆபத்தையும் பயனையும் நெறிமுறைக் குழு ஒன்று எடைபோட வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி அக்குழுவில் குறைந்தது 7 பேர் இருத்தல் வேண்டும். ஒருவர் துறை சாராத சாமானியர். ஒரகடத்தை அடுத்த கல்லூரியொன்றில் தமிழ் கற்பிக்கும் நாம், ஒரு மருத்துவமனையின் குழுவில் அந்தச் சாமானியராகச் சில காலமாக அமர்ந்து வருகிறோம்.

மருத்துவர்கள் எண்களைப் பார்ப்பார்கள். நம் கைக்கு வருவது தமிழில் அச்சிட்ட ஒப்புதல் படிவம். 'இவ்வாய்வினால் பயன் உண்டு' என்றிருக்கும். நாம் கேட்பது ஒன்றுதான்: நான்காம் வேற்றுமை எங்கே? பயன் என்றால் 'கு' உருபு ஏற்ற ஒருவர் இருந்தாக வேண்டும். பங்கேற்பவருக்கா, நாளைய நோயாளிகளுக்கா, மருந்து நிறுவனத்துக்கா? ஆபத்து யாருக்கு என்பதில் மட்டும் ஐயமில்லை. ஊசி ஏறும் உடம்புக்கு.

இது இலக்கண விளையாட்டன்று. ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியே வடக்கே சென்றால் திருவள்ளூர். அன்று இரண்டும் ஒரே செங்கல்பட்டு மாவட்டம். 1968இல் திருவள்ளூர் வட்டார ஊர்களில் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியின் மாபெரும் சோதனை தொடங்கிற்று. 2,50,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். ஒரு பகுதியினருக்குத் தடுப்பூசி, மற்றவர்க்கு மருந்தில்லாப் போலி ஊசி. 1979இல் வெளிவந்த முதல் அறிக்கை மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது: பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அவ்வூசி தடுக்கவில்லை. 15 ஆண்டுக் கண்காணிப்பும் அதையே உறுதி செய்தது. குழந்தைகளின் மூளையைத் தாக்கும் கடும் காசநோயினின்று காப்பதால், பிறந்ததும் பி.சி.ஜி. இடுவது இன்றும் தொடர்கிறது.

போலி ஊசி பெற்றோர் பெரிதாக ஒன்றும் இழக்கவில்லை என்று இன்று சொல்வது எளிது. 1968இல் தராசைப் பிடித்தவர்களுக்கு முடிவு தெரியாது. ஊசி பலித்திருந்தால் பயன் உலகுக்கு. அது கிடைக்காத இழப்பு போலி ஊசி பெற்றவர்க்கு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் நெறிமுறை அறிக்கை வந்ததே 1980இல்தான். எடைபோடுதல் என்பது முடிவு தெரிந்தபின் போடும் கணக்கன்று. தெரியாத வேளையில், பொய்த்தால் சுமப்பவர் யார் என்று கேட்பது.

இன்று நம் வட்டாரத்தில் அக்கேள்விக்கு முகம் உண்டு. படிவத்தின் ஆபத்துப் பட்டியலில் 'ஊசி குத்திய இடத்தில் வலி' இருக்கும். ஒப்பந்தத் தொழிலாளி மருத்துவமனைக்கு வரும் நாளில் போகும் கூலி இராது. தலைசுற்றலோடு இரவு ஷிப்டில் எந்திரத்தின் முன் நிற்பதன் ஆபத்தும் இராது. பங்கேற்போருக்குத் தரும் பணத்தைப் பயனின் தட்டில் வைக்கலாகாது என்பது நெறி. வைத்தால், கூலி குறைந்தவர் பக்கமே தராசு சாயும்.

அதற்காகச் சோதனையே வேண்டாமென்பதும் அறமாகாது. திருவள்ளூர் மக்கள் கை நீட்டியிராவிட்டால், பலிக்காத ஊசியை நம்பிப் பெரியவர்கள் இன்னும் பல்லாண்டு ஏமாந்திருப்பர். அந்த அறிவை நமக்குத் தந்தவர்கள் அவர்கள். ஆகவே நாம் கேட்டுக்கொள்வது ஒரு வரியைத்தான்: 'இம்மருந்தால் உங்களுக்குப் பயன் கிடைக்காமலும் போகலாம், பிறருக்குப் பயன்படலாம்.' அதைப் படித்த பின்னும் ஒருவர் கையெழுத்திட்டால், அது ஏமாற்றிப் பெற்ற உடம்பன்று. அவர் அறிந்து தந்த கொடை.