பால்மரக் காட்டில் ஒரு பல்கலைக்கழகம்

பி.பி. 86 என்னும் பால்மர ரகத்தின் பெயரை உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். மரம் சீவிய கைகளுக்கு அது பழகிய பெயர். ‘பி.பி.’ என்பது பிராங் பெசார் தோட்டத்தைக் குறிக்கும். முதல் உலகப் போரில் இருந்து மீண்ட ஆங்கிலேய அதிகாரிகள் 1921இல் திறந்த தோட்டம் அது. அதனால்தான் மலாயில் ‘பெரும்போர்’ என்று பெயர் வைத்தார்கள். இன்று அந்தத் தோட்டம் இல்லை. அந்த மண்ணில்தான் நம் நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எழுந்து நிற்கிறது. வாருங்கள், ஒரு நாள் போய் வருவோம்.

2023 முதல் கோலாலம்பூரிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் புத்ராஜெயா வரை ஓடுகிறது. இறங்கினால் அகன்ற சாலைகள், அழகழகான பாலங்கள், ஆற்றை மறித்து உண்டாக்கிய பெரிய ஏரி! 1995இல் கட்டத் தொடங்கிய ஊர் இது. 1999இல் பிரதமர் அலுவலகம் இங்கே வந்தது. பிராங் பெசாரிலும் பக்கத்துத் தோட்டங்களிலும் வாழ்ந்த நம்மவர்கள், டிங்கிலில் உள்ள தாமான் பெர்மாத்தா அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்து போனார்கள். லயம் இருந்த அடையாளத்தை ஏரிக்கரையில் தேடிப் பயனில்லை.

அந்த ஏரிக்கரையில் கூரையிலேயே புல் வளர்த்த ஒரு நீண்ட கட்டடத்தைக் காண்பீர்கள். அதுதான் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகம். அதன் தாய்வீடு ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம். 2014 முதல் இந்த வளாகத்தில் வகுப்புகள் நடக்கின்றன. இங்கே படித்துத் தேறினாலும் எடின்பரோவின் பட்டமே கைக்கு வரும்.

இப்படி வந்தது இது ஒன்று மட்டுமல்ல. தனியார் உயர்கல்விச் சட்டம் 1996இல் வழி திறந்தது. 1998இல் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் சன்வேயில் முதலில் வந்தது. 1999இல் கர்ட்டின் மிரிக்கு வந்தது. 2000இல் வந்த இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் இன்று செமினியில் இருக்கிறது.

ஆனால், ஹெரியட்-வாட்டின் கதை நம் மனத்தைத் தொடும் கதை. 1821இல் எடின்பரோவில் அது தொடங்கியபோது பணக்காரப் பிள்ளைகளுக்காகத் தொடங்கவில்லை. பட்டறையில் பகலெல்லாம் உழைத்தவர்கள் மாலையில் வந்து வேதியியலும் இயந்திரவியலும் கற்கட்டும் என்றே தொடங்கினார்கள். 1869இல் பெண்களையும் சேர்த்துக்கொண்டது. 1966இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. உழைப்பாளிக்காகத் திறந்த கதவு, உழைப்பாளி வியர்வை சிந்திய மண்ணுக்கு வந்திருக்கிறது. அந்தக் கதவு நம் பிள்ளைக்கும் திறக்குமா?

உண்மையை மறைக்க வேண்டாம். கட்டணம் நம் சம்பளத்துக்கு மலை போன்றது. விமானச் செலவும் வெளிநாட்டு வாடகையும் மிச்சம்தான். ஆனாலும் அரசாங்கப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பிட்டால் பல மடங்கு அதிகம். ஆகவே, பிள்ளை நல்ல தேர்ச்சி பெற்றால் மெட்ரிகுலேஷனுக்கும் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கும் முதலில் மனுச் செய்யுங்கள். அதோடு இந்தக் கதவையும் தட்டிப் பாருங்கள்.

தட்டுமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள். ஒன்று: அந்தப் படிப்பு மலேசியத் தகுதி முகமையின் பதிவேட்டில் உண்டா? வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய கல்லூரி எதுவானாலும் இதைக் கேட்காமல் ஒரு வெள்ளிகூடக் கட்டாதீர்கள். இரண்டு: மருத்துவம், பொறியியல், சட்டம் என்றால் அந்தந்தத் தொழில் மன்றம் அந்தப் பட்டத்தை ஏற்குமா? மூன்று: முதல் ஆண்டுக்கு மட்டுமல்ல, முடிக்கும்வரை மொத்தம் எவ்வளவு? உபகாரச் சம்பளம் உண்டா? பி.டி.பி.டி.என். கிடைத்தாலும் அது கடன்தான்; பிள்ளை வேலைக்குப் போய்த் திருப்பிக் கட்ட வேண்டும்.

அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைப் புத்ராஜெயாவுக்கு அழைத்துச் செல்லுங்கள். ஏரியைக் காட்டுங்கள். மசூதியையும் பாலங்களையும் காட்டுங்கள். புல் வளர்ந்த அந்தக் கூரையையும் காட்டுங்கள். சேர்க்கைப் பகுதியில் விவரம் கேட்கும்போது பிள்ளையையே பேச விடுங்கள். கூச்சம் வேண்டாம். இந்த மண் நமக்குப் புதிதல்ல!